படிக்க ஒருவர் உண்டெனில்: தீவகத்து ஆரம்ப வகுப்புகளும் வகுப்பிதழும்

வகுப்பிதழ் என்று இவ்வுரையில் சுட்டப்படுவது, ஆரம்பப் பிரிவைச் சேர்ந்த பிள்ளைகள், அதாவது இலங்கைக் கல்விமுறையில் தரம் 1 முதல் தரம் 5 வரை பயில்வோர், தாம் கண்டதையும் கேட்டதையும் செய்ததையும் தாமே சொல்லியும் வரைந்தும் எழுதியும், வகுப்பறைக்கு வெளியே இருக்கும் ஒருவர் படிப்பதற்கென்றே குறித்த காலத்துக்கு ஒருமுறை வெளியிடும் சிறு ஏடாகும். பாடசாலை ஆண்டு மலர் இதனின் வேறானது. அதில் வாழ்த்துச் செய்திகளும் அறிக்கைகளும் பெரும்பகுதியை நிரப்ப, தெரிவுசெய்யப்பட்ட சில மாணவரின் திருத்தி மெருகேற்றிய ஆக்கங்கள் மட்டுமே இடம்பெறும். வகுப்பிதழிலோ வகுப்பின் ஒவ்வொரு பிள்ளைக்கும் இடமுண்டு. அது அழகாக இருக்க வேண்டும் என்பதைவிட அது ஒருவரைச் சென்றடைய வேண்டும் என்பதே அதன் நோக்கமாகும். எழுதக் கற்கும் பிள்ளைக்கு அரிச்சுவடி, கொப்பி, பென்சில் என்பவற்றோடு வாசகர் என்ற ஒருவரும் இன்றியமையாதவர் என்பதும், அவ்வாசகரை நமது ஆரம்ப வகுப்புகள் பெரும்பாலும் பிள்ளைக்குக் கொடுக்காமலே எழுத்தைக் கற்பிக்க முயல்கின்றன என்பதும், யாழ்ப்பாணத்தை அடுத்த வேலணையும் அதனைச் சூழ்ந்த தீவகமும் அவ்வாசகரை ஏராளமாகப் பெற்றிருக்கும் இடங்கள் என்பதுமே இங்கு நிறுவப்பட வேண்டியவை.

இன்றைய வகுப்பில் எழுத்துப் பயிற்சி என்பது உறுப்பெழுத்து, சொல்வதெழுதல், கட்டுரை என்னும் மூன்று படிகளில் நடைபெறுகிறது. உறுப்பெழுத்தில் பிள்ளை முன்னுள்ள எழுத்தைப் பார்த்து எழுதுகிறது. சொல்வதெழுதலில் ஆசிரியர் சொன்னதைக் கேட்டு எழுதுகிறது. கட்டுரையில், பசு ஒரு வீட்டு மிருகம் என்று தொடங்கும் மாதிரி வாக்கியங்களை மனனம் செய்து எழுதுகிறது. இம்மூன்றிலும் பிள்ளை எழுதியதைப் படிப்பவர் ஒருவரே. அவர் அதில் என்ன இருக்கும் என்பதை முன்னரே அறிந்தவர். பிழை உண்டா என்று பார்ப்பதற்காக மட்டும் படிப்பவர். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை நெருங்க நெருங்க இந்நிலை மேலும் இறுகுகிறது. பயிற்சி வேண்டாதது என்பது இதன் பொருளன்று. உறுப்பெழுத்துப் பயிலாத கை விரைவில் களைத்துப்போகும், எழுத்துக்கூட்டல் அறியாத பிள்ளை தன் பெயரையே ஐயத்தோடுதான் எழுதும். ஆயினும் யாருக்கும் எதையும் சொல்லாத எழுத்தை ஐந்தாண்டு பயின்ற பிள்ளை, எழுத்து என்பது பரீட்சைக்கான ஒரு கடமை என்ற முடிவுக்கு வருவது இயல்பே.

ரஷ்ய உளவியலாளர் லெவ் விகொட்ஸ்கி (1896–1934) எழுத்தின் முன்வரலாறு என்றொரு கருத்தை முன்வைத்தார். கை எழுத்தை வரையத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே, பிள்ளை காற்றில் காட்டும் சைகையிலும், தடியைக் குதிரையாக்கும் விளையாட்டிலும், மண்ணில் இழுக்கும் கோட்டிலும் எழுத்து தொடங்கிவிடுகிறது என்பதும், ஒரு பொருளுக்குப் பதிலாக இன்னொன்றை நிறுத்தலாம் என்ற அறிவே எழுத்தின் வேர் என்பதும் அக்கருத்தின் சாரம். எழுதுவதைக் கைத்திறனாக மட்டும் கற்பிக்காமல், பிள்ளையின் வாழ்வில் அதற்கு ஒரு தேவை உண்டாகும்படி கற்பிக்க வேண்டும் என்பது அவர் அதிலிருந்து பெற்ற முடிவு. விசயதசமியன்று ஏடு தொடக்கும்போது அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதுவிக்கும் நமது வழக்கத்தில், மடியில் ஏந்தியிருப்பவரும் சுற்றி நின்று பார்ப்பவரும் உண்டு. அந்த முதல் எழுத்துக்காவது பார்ப்பதற்கு ஒரு கூட்டம் இருக்கிறது. அதற்குப் பின்வரும் எழுத்துகளுக்கே அக்கூட்டம் இல்லாமற் போகிறது.

விகொட்ஸ்கி பிறந்த அதே 1896ஆம் ஆண்டில் பிறந்த பிரெஞ்சு ஆசிரியர் செலெஸ்தென் ஃப்ரெனே, இதனை ஒத்த கருத்தொன்றை ஒரு சிற்றூர்ப் பள்ளியில் செயலாக்கிக் காட்டினார். முதலாம் உலகப் போரில் நுரையீரலில் காயமுற்ற அவரால் வகுப்பில் நெடுநேரம் உரக்கப் பேச இயலவில்லை. தென் பிரான்சின் மலைச்சரிவில் உள்ள பார்-சுர்-லூ என்ற ஊரில் கற்பிக்கையில், ஆசிரியர் பேசிப் பிள்ளைகள் கேட்கும் முறையைக் கைவிட்டு, பிள்ளைகள் பேசி அதனை அச்சிடும் முறைக்கு அவர் திரும்பியதில் அக்காயத்துக்கும் பங்குண்டு. 1924இல் சிறிய கையச்சுப்பொறி ஒன்றை வாங்கி வகுப்பில் வைத்தார். வெளியே நடந்து திரும்பிய பிள்ளைகள் தாம் கண்டதைச் சொல்வர் அல்லது எழுதுவர்; தலைப்புக் கொடுக்கப்படாமல் பிள்ளை தன் விருப்பில் எழுதிய இதனைக் கட்டற்ற எழுத்து என்று பொருள்படும் பெயரால் அவர் அழைத்தார். வகுப்பு அவற்றைக் கேட்டு, ஒன்றை வாக்களித்துத் தெரிவுசெய்து, ஆசிரியரோடு சேர்ந்து திருத்தி, ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து அச்சிட்டது. ஈய எழுத்தைத் தலைகீழாகக் கோக்கும் பிள்ளை ஒரு சொல்லின் எழுத்துக்கூட்டலை எவ்வளவு ஊன்றிப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதை அச்சுக்கூடம் அறிந்தவர் எளிதில் உணர்வர். தமிழ் அச்சுப்பெட்டியின் அறைகள் எண்ணிக்கையில் மிகப் பல என்பதால் இம்முறையை அப்படியே இங்குக் கொண்டுவருதல் ஏழு வயதுப் பிள்ளையைப் பெருந்தொல்லைக்கு உள்ளாக்கும். நமக்கு வேண்டியது அவரது பொறியன்று, அவரது ஒழுங்கு.

அவ்வொழுங்கில் உயிர்நாடியானது, அச்சிட்ட தாள்கள் வகுப்பிலேயே தங்கிவிடவில்லை என்பதாகும். 1920களின் நடுப்பகுதியில் பார்-சுர்-லூ பள்ளியும், நாட்டின் மறுகோடியில் பிரித்தனிக் கடற்கரையில் உள்ள திரெகங்க் என்ற ஊரின் பள்ளியும் தம் தாள்களை ஒன்றுக்கொன்று அனுப்பத் தொடங்கின. மலையூர்ப் பிள்ளை கடலையும், கடலூர்ப் பிள்ளை மலையையும், தன்னொத்த வயதுப் பிள்ளையின் சொல்லிலேயே அறிந்தது. தம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று வேறோர் ஊரில் ஒருவருக்கும் தெரியாதது என்பதை உணர்ந்த கணத்தில், அப்பிள்ளைகளுக்கு விளக்கி எழுத வேண்டிய தேவை பிறந்தது.

யாழ்ப்பாணத்துக்கு இதழியல் புதியதன்று. உதயதாரகை 1841இல் தொடங்கியது. ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் பாடசாலையும் அச்சகமும் நிறுவிப் பிள்ளைகளுக்கெனப் பாலபாடங்களை எழுதி வெளியிட்டார். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) பிள்ளைகள் இன்றும் பாடும் பாடல்களை இயற்றினார். வேலணை அமைந்துள்ள இதே தீவின் கரம்பனில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள், 1950களில் தொடங்கிய ஆங்கில ஆய்விதழ் ஒன்றின் வாயிலாகத் தமிழை உலக அறிஞர் முன் வைத்தார். இவ்வரிசையில் இவ்வுரைக்கு மிக நெருக்கமானது கையெழுத்துச் சஞ்சிகை மரபாகும். அதாவது, அச்சிட வசதியற்ற இளைஞர் தாமே கையால் எழுதி, படம் வரைந்து, ஒற்றைப் பிரதியாகக் கைமாற்றிப் படித்த இதழ். ஈழத்து இலக்கியத்தில் ஒரு காலகட்டத்துக்கே பெயரான மறுமலர்ச்சி, 1946இல் அச்சேறுவதற்கு முன் கையெழுத்து இதழாகவே உலவியது. இம்மரபு உயர்தர வகுப்பு மாணவரிடமும் இளைஞர் மன்றங்களிடமும் நின்றதே தவிர, ஆறு வயதுப் பிள்ளையை எட்டவில்லை. நம் நாட்டில் பிள்ளைகளுக்காகப் பெரியோர் எழுதிய வரலாறு செழுமையானது. பிள்ளைகள் எழுதிப் பெரியோர் படித்த வரலாறோ இன்னும் எழுதப்பட வேண்டியது. தமிழ்நாட்டில் 2022 முதல் பள்ளிக் கல்வித் துறை வெளியிட்ட ஊஞ்சல், தேன்சிட்டு ஆகிய இதழ்கள் மாணவர் ஆக்கங்களுக்கு இடமளித்தமையும், போபாலில் 1985 முதல் வெளிவரும் சக்மக் என்ற இந்தி மாத இதழ் பிள்ளைகளின் எழுத்துக்கெனப் பக்கங்களை ஒதுக்கிவருவதும் இத்திசையில் குறிப்பிடத்தக்கவை. ஆயினும் மாநிலம் தழுவிய இதழில் இலட்சத்தில் ஒரு பிள்ளைக்கே இடம் கிடைக்கும். வகுப்பிதழ் செய்யும் வேலையை அது செய்ய இயலாது.

இனி, வேலணைப் பிள்ளை எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்ற வினா எழும். ஒல்லாந்தர் லைடன் என்று பெயரிட்ட இத்தீவு பண்ணைத் தாம்போதியால் யாழ்ப்பாண நகரோடும், மற்றொரு தாம்போதியால் புங்குடுதீவோடும் இணைந்தது. தாம்போதியின் இருபுறமும் ஆழமற்ற பரவைக்கடலில் நாட்டிய தடிகளும் வலைகளும் பிள்ளை நாள்தோறும் காண்பவை. சோளகம் வீசும் மாதங்களில் புழுதி எவ்வாறு எழும், வாடைக்காற்றில் கடல் என்ன நிறமாகும், நுங்கு எப்போது முற்றிப் பனம்பழமாகும், பழத்தின் கொட்டையைப் பாத்தியில் அடுக்கினால் கிழங்கு எத்தனை மாதத்தில் வரும், கிழங்கைக் காயவைத்தால் ஒடியல் என்றும் அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல் என்றும் ஏன் இரு பெயர் பெறுகிறது என்பன இப்பிள்ளைகளில் பலருக்கு வீட்டு முற்றத்து அறிவு. சாட்டிக் கடற்கரையில் காலை நனைத்த பிள்ளைக்கு, அக்கடலுக்கு அணித்தே உள்ள கிணறுகளில் குடிக்கக்கூடிய நீர் ஊறுவது வியப்பாகத் தோன்றாமல் இருக்கலாம்; சுண்ணக்கல்லின் துளைகளில் மழைநீர் கடல்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்பதும், அளவுமீறி இறைத்தால் அடியில் உள்ள உவர்நீர் மேலேறுவதும் அறியாதவருக்கே அது வியப்பு. ஆரம்பப் பிரிவுக் கலைத்திட்டத்தில் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்று ஒரு பாடம் உள்ளது. பிள்ளை தன் சூழலை உற்றுநோக்கிக் கற்பதற்கென அமைந்த அப்பாடமும் தாய்மொழிப் பாடமும் ஒரே தாளில் சந்திக்கும் இடம் வகுப்பிதழாகும். மூன்று கிணறுகளின் நீரைச் சுவைத்து, எது நல்லநீர், எது சவர் என்று எழுதி, கிணறு இருக்கும் இடத்தைப் படமாகக் கீறிய தரம் 3 பிள்ளை, தன் ஊரின் நிலத்தடி நீர் பற்றிய உண்மையான பதிவொன்றைச் செய்கிறது. மாதிரிக் கட்டுரை எழுதிய பிள்ளை எதையும் பதிவுசெய்யவில்லை.

எழுதத் தெரியாத தரம் 1 பிள்ளை எவ்வாறு பங்குகொள்ளும் என்பதற்கு விடை, சொல்வதெழுதலைத் தலைகீழாக்குவதில் உள்ளது. வழக்கமாக ஆசிரியர் சொல்லப் பிள்ளை எழுதும். இங்குப் பிள்ளை சொல்ல ஆசிரியர் எழுதுவார். பிள்ளை முதலில் படம் வரைந்து, அதைக் காட்டி ஒரு வாக்கியம் சொல்ல, ஆசிரியர் அதைப் படத்தின் கீழ் பெரிய எழுத்தில் எழுதி, இருவரும் விரல்வைத்து வாசிப்பர். தன் வாயிலிருந்து வந்த சொல் தாளில் நின்று, மறுநாளும் அதே சொல்லாக இருப்பதைப் பிள்ளை காண்கிறது; எழுத்தின் வல்லமை முழுவதும் அக்காட்சியில் அடங்கியுள்ளது. லியோ தோல்ஸ்தோய் தம் யாஸ்னயா பொல்யானா ஊரில் உழவர் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியபோது, அவர்கள் சொல்லச்சொல்லக் கதையை எழுதிச் சென்று, யார் யாரிடம் எழுதக் கற்க வேண்டும் என்ற வினாவையே தலைப்பாக்கி 1862இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்.

இவ்விடத்தில் தமிழாசிரியர் அனைவரும் எதிர்கொள்ளும் கடினமான சிக்கல் ஒன்று குறுக்கிடுகிறது. தமிழ் இரட்டை வழக்கு மொழி. அதாவது பேசுவதற்கு ஒரு வடிவமும் எழுதுவதற்கு வேறொரு வடிவமும் ஒரே சமூகத்தில் ஒருங்கே வழங்கும் மொழி. அப்பா விடியக் கடலுக்குப் போனவர், நண்டு மட்டும்தான் பட்டது என்று பிள்ளை சொன்னால், அதனை அப்படியே எழுதுவதா, அப்பா அதிகாலையில் கடலுக்குச் சென்றார், நண்டு மட்டுமே கிடைத்தது என்று மாற்றி எழுதுவதா? மாற்றி எழுதுவோர் பிள்ளையின் நன்மையையே கருதுகின்றனர். ஆனால் மாற்றத்தில் இழப்பவை சிறியவையல்ல. வலையில் மீன் படுவது என்பது தொழிலாளரின் துல்லியமான சொல். கிடைத்தது என்பதில் வலையே மறைந்துவிடுகிறது. போனவர் என்ற வடிவம் யாழ்ப்பாணத் தமிழுக்கே உரிய இலக்கண அமைதி உடையது. அவ்வழக்கை மொழியியல் நெறியில் ஆராய்ந்த பேராசிரியர் சு. சுசீந்திரராசா போன்றோரின் ஆய்வுகளுக்குப் பின்னர் அதனைக் கொச்சை என்று ஒதுக்குவதற்கு அறிவுசார்ந்த காரணம் எதுவும் எஞ்சவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தான் சொன்னது தாளில் வேறாக நிற்பதைக் காணும் பிள்ளை, எழுத்து தனக்குரியதன்று என்று முதல் நாளிலேயே கற்றுக்கொள்கிறது.

ஆதலால் தரம் 1, 2 ஆகியவற்றில் பிள்ளை சொன்னது சொன்னபடியே எழுதப்படுதல் தகும். தரம் 3இலிருந்து, நெடுந்தூரத்தில் உள்ளவருக்கும் விளங்கும்படி எழுதுதல் என்ற காரணத்தைக் காட்டி எழுத்து வழக்கை அறிமுகப்படுத்தலாம். தரம் 5இல் செய்தி எழுத்து வழக்கிலும், ஒருவர் பேசியதாக வரும் பகுதி பேச்சு வழக்கிலும் அமையும்படி இரண்டையும் இடமறிந்து கையாளப் பழக்கலாம். திருத்தம் என்பது பிழைக்குத் தண்டனையாக அன்றி, வாசகருக்குச் செய்யும் உதவியாகப் பிள்ளைக்குத் தோன்ற வேண்டும். எழுத்துப்பிழையை விட்டுவிடலாமா என்று பெற்றோர் கேட்பது நியாயமே. வெளியே போகும் பிரதியில் எழுத்துக்கூட்டல் சரியாக இருத்தல் வேண்டும், அதனைப் பிள்ளையே மீளப் பார்த்து எழுதுதல் வேண்டும். பலமுறை பார்த்தெழுத மறுக்கும் பிள்ளையும், அம்மம்மா படிக்கப்போகிறார் என்றால் மூன்றாம் முறையும் எழுத முன்வரும்.

உற்பத்தி முறை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தாளின் இருபக்கம், மடித்தால் நான்கு பக்கம், மாதம் ஒன்று, நிழற்பிரதி இருபது. அதற்கும் வசதியில்லையெனில் பிறிஸ்டல் மட்டையில் ஒட்டிய ஒற்றைப் பிரதி போதும். தீவகத்தில் மாணவர் தொகை குறைந்த பாடசாலைகளில் ஓர் ஆசிரியரே இரண்டு மூன்று தரங்களை ஒருங்கே கற்பிக்க நேர்கிறது. பல்தரக் கற்பித்தல் என்னும் அந்நிலையைக் குறையாகவே பேசிவருகிறோம். வகுப்பிதழுக்கு அது வாய்ப்பு: சிறியது வரைய, நடுவிலது எழுத, மூத்தது பிழை பார்க்க, இதழ் ஓர் இல்லத்து வேலைபோல நடக்கும்.

அவ்வாறு உருவான இதழ் எங்கே போக வேண்டும்? முதலில் அயல் தீவுக்கு. புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து நாள்தோறும் படகுகள் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்கின்றன. ஆசிரியர்கள் அவற்றில் பயணம் செய்கின்றனர். ஒருவர் கைப்பையில் ஓர் உறை போதுமானது. நெடுந்தீவுப் பிள்ளை பவளக்கல் வேலிகளையும் வெட்டவெளியில் மேயும் மட்டக்குதிரைகளையும் பற்றி எழுத, வேலணைப் பிள்ளை அதைப் படித்து, குதிரைக்குத் தண்ணீர் யார் வைப்பது என்று கேட்டு எழுதும். வறட்சிக் காலத்தில் அது எளிய கேள்வியன்று. விடை தேட நெடுந்தீவுப் பிள்ளை யாரையேனும் கேட்க வேண்டியிருக்கும். பார்-சுர்-லூவுக்கும் திரெகங்குக்கும் இடையில் இருந்த தொலைவு இங்கில்லை; எனினும் ஒரே கடலில் அடுத்தடுத்து உள்ள தீவுப் பிள்ளைகள் பலர் ஒருவர் ஊரை ஒருவர் கண்டதில்லை.

அடுத்து, கடல் கடந்து. 1990களின் தொடக்கத்தில் போர் காரணமாகத் தீவக மக்களிற் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். திரும்பியோர் சிலர், கொழும்பிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் வேரூன்றியோர் பலர். கதவு நிலையும் கூரையும் இழந்து பற்றைக்குள் நிற்கும் வீடுகள் இன்றும் அதற்குச் சாட்சி. அவ்வீடுகளுக்கு உரியோர் ஊரின் செய்திக்கு ஏங்குவோர். கோயில் திருவிழாவின் ஒளிப்படமும் இறப்பு அறிவித்தலும் அவர்களுக்குக் கைபேசியில் உடனே போய்ச் சேர்கின்றன. முன்னர் எழுதத் தெரியாத ஆச்சிக்காகப் பேரப்பிள்ளை கடிதம் எழுதிக்கொடுத்தது. இப்போது பேசும் கருவி வந்தபின் அவ்வழக்கம் மறைந்தது, அதனோடு பிள்ளைக்கு எழுத்தின் தேவையை உணர்த்திய கடைசி வீட்டு வேலையும் மறைந்தது. வகுப்பிதழ் அதனை மீட்டுத் தரவல்லது. புலம்பெயர்ந்தோர் தம் பழைய பாடசாலைக்குக் கட்டடமும் கணினியும் கொடுத்துள்ளனர். அவர்களிடம் பிள்ளைகள் கேட்க வேண்டிய இன்னொன்று, படித்துவிட்டு நான்கு வரி பதில் எழுதும் நேரமாகும். பணத்தைவிட அதைப் பெறுவது கடினமாயினும், பயன் அதிகம்.

இதனோடு சேர்ந்த பொறுப்பும் உண்டு. பிள்ளையின் எழுத்து வெளியே போகும்போது பிள்ளையும் ஓரளவு வெளியே போகிறது. முழுப்பெயர், முகவரி, முகம் தெரியும் படம் ஆகியவை இதழில் வேண்டியதில்லை. முதற்பெயரும் தரமும் போதும். பெற்றோரின் இசைவு ஆண்டுத் தொடக்கத்திலேயே பெறப்படல் வேண்டும். இதனினும் நுண்ணியது துயரம் பற்றியது. இப்பகுதிப் பிள்ளைகள் போருக்குப்பின் பிறந்தவர்கள். ஆயினும் வீட்டில் அது பேசப்படுகிறது. 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் சென்ற பயணிகள் கொல்லப்பட்டமை நெடுந்தீவில் ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகிறது. படகைப் பற்றி எழுதத் தொடங்கிய பிள்ளை அதனை எழுதக்கூடும். அதனை எழுதாதே என்று தடுப்பது தவறு. உடனே இதழில் இடுவதும் தவறு. ஐக்கிய நாடுகள் 1989இல் ஏற்றுக்கொண்டு இலங்கை 1991இல் உறுதிப்படுத்திய சிறுவர் உரிமைகள் சமவாயம், தன் கருத்தைச் சொல்லும் உரிமையையும் அந்தரங்கத்துக்கான உரிமையையும் பிள்ளைக்கு ஒருங்கே தருகிறது. எழுதியதைக் கேட்க ஆசிரியர் ஒருவர் இருத்தலும், வெளியிடுவதா என்பதைப் பிள்ளையும் வீட்டாரும் சேர்ந்து முடிவுசெய்தலும் இரண்டையும் காக்கும். வார்சாவில் கல்வியாளர் யானுஷ் கோர்ச்சாக் 1926இல் தொடங்கிய சிறுவர் செய்தித்தாள், நாடெங்கும் உள்ள பிள்ளைகள் தம் துன்பங்களையும் முறைப்பாடுகளையும் எழுதியனுப்பிய தாளாகப் போர் மூண்ட 1939 வரை நடந்தது. பிள்ளையின் முறைப்பாட்டைச் செய்தியாக மதித்த அப்பெருந்தகையின் முன்மாதிரி ஆசிரியருக்குத் துணை நிற்கும்.

வெளியான ஒவ்வோர் இதழின் இரு பிரதிகளேனும் பாதுகாக்கப்பட வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த நிலத்தில் ஒற்றைப் பிரதியை நம்பியிருத்தல் தகாது. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களோடு பாடசாலை மலர்களையும் சிறு வெளியீடுகளையும் திரட்டிவைத்துள்ளது. ஏழு வயதுப் பிள்ளை எழுதிய கிணற்றுக் குறிப்பும் அங்குச் சேரத் தகுதியுடையதே.

பழைய கையெழுத்துச் சஞ்சிகைகளில் இறுதியில் சில தாள்களை வெறுமையாக விட்டு, படித்தவர் தம் கருத்தை எழுதவைக்கும் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. வகுப்பிதழிலும் கடைசிப் பக்கம் அவ்வாறு விடப்பட வேண்டும். அப்பக்கத்தில் நன்று, வாழ்த்துக்கள் என்று மட்டும் எழுதப்படுமாயின் பிள்ளைக்குக் கிடைப்பது சிறிது. மாறாக, அந்தக் கிணற்றுத் துலா இன்னும் நிற்கிறதா, அருகில் இருந்த இலுப்பை பூத்துவிட்டதா என்று ரொறன்ரோவில் உள்ள ஒரு முதியவர் கேட்டெழுதினால், வகுப்பு மறுநாட் காலை துலாவையும் இலுப்பையையும் பார்க்கப் புறப்படும். பார்த்துவந்ததை எழுத வேண்டியிருப்பதால் அடுத்த இதழும் அங்கேயே தொடங்கிவிடும்.